இஸ்டோரைச் சுற்றியிருக்கும் மண்

கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று நட்சத்திர ஹோட்டல். ‘ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி’ என்று பெயர். அங்கே வந்து இறங்குகிறவர்களில் சிலர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள்ளேயே “கார்டன் எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். நுவரெலியா என்றால் ரோஜாப் பாத்தியும் வெட்டிவிட்ட புல்தரையும் நீரூற்றும் என்று நினைத்து வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் புல், சில பூப்பாத்திகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. ஏமாந்த முகத்தோடு அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தத் தேயிலைதான் கார்டன் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அப்பா இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இஸ்டோர் அடுப்புக்காரர். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் இஸ்டோர் என்போம். அம்மா கொழுந்தெடுத்தவர். நான் பேராதனையில் விவசாயம் படித்துவிட்டு, கட்டடங்களைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் படம் வரைகிற வேலைக்கு வந்தவள். ‘லேண்ட்ஸ்கேப்’ என்று எல்லோரும் சொல்கிற வேலை. செடி எங்கே, பாதை எங்கே, தண்ணீர் எந்த வழியாக இறங்க வேண்டும், வந்து நிற்பவர் கண்ணுக்கு முதலில் எது பட வேண்டும் என்றெல்லாம் முடிவுசெய்வது. ‘பூச்செடி வைக்கிற மிஸ்’ என்றுதான் ஊரில் பேர். அதுவும் நல்ல பேர்தான்.

இலங்கை மலையகத்தில் இப்போது இந்த வேலைக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளும் துரைமார் பங்களாக்களும் ஹோட்டலாக, அருங்காட்சியகமாக, தேநீர்க் கடையாக மாறுகின்றன. கட்டடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளியே இருக்கிற மண்ணை மட்டும் கடைசி மாதத்தில், மிச்சமிருக்கிற காசில், லொறியில் வந்து இறங்கும் புல்தட்டுகளால் மூடிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தேயிலை இஸ்டோர் என்பது நான்கு சுவரோடு முடிகிற கட்டடம் இல்லை. சுற்றியுள்ள மலையும் அந்த எந்திரத்தின் உறுப்பு. அதை அழித்துவிட்டுச் சுவரை மட்டும் காப்பாற்றினால், மிஞ்சுவது ஒரு பெரிய தகரக் கொட்டகைதான்.

காற்று, தண்ணீர், விறகு

ஹெதர்செட் கட்டடம் 1930களில் எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், மலைமுகட்டில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் நிற்கிறது. மாடி மாடியாக உயரம், ஒவ்வொரு மாடியிலும் வரிசை வரிசையாக ஜன்னல். வெள்ளைக்காரத் துரை இயற்கைக் காட்சி பார்ப்பதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொழுந்து வாட்டக் காற்று வேண்டும். பறித்து வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ கொழுந்து கொடுத்தால் கடைசியில் கைக்கு வருவது 20 முதல் 23 கிலோ தேயிலை. அந்தத் தண்ணீரின் முதல் பங்கை வெளியேற்றுகிற இடம் மேல்மாடிகள். சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாக இழுத்துக் கட்டி, அதன்மேல் கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கீழே அடுப்பின் சூட்டுக் காற்றைப் பெரிய விசிறிகளால் மேலே இழுப்பார்கள். ஜன்னல்களுக்கு எதிரே அடர்த்தியாக மரம் வளர்ந்தால் வாட்டம் கெட்டுப்போகும். அதனால்தான் பழைய இஸ்டோர்களை ஒட்டி உயர்ந்த மரம் அநேகமாக இருக்காது. அந்த வெறுமை தொழிலின் தேவை. இப்போது அங்கே ‘கொஞ்சம் நிழல் இருந்தால் நல்லாயிருக்கும்’ என்று மரம் வைக்கச் சொல்கிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். டீசல் எஞ்சினும் மின்சாரமும் வருமுன் ரோதைகளை, அதாவது எந்திரச் சக்கரங்களை, சுற்ற வைத்தது ஓடைத் தண்ணீர். மேலே எங்கோ ஓர் ஓடையை மறித்து, மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, இஸ்டோருக்கு மேலே கொண்டுவந்து, அங்கிருந்து குழாயில் இறக்கிச் சக்கரத்தின்மேல் விட்டார்கள். பல தோட்டங்களில் அந்த வாய்க்கால் இன்னும் இருக்கிறது. மாணாப்புல் மூடிக் கிடக்கும். அதன் விளிம்பில் நடந்தால் ஏற்றமும் இறக்கமும் தெரியாமல் மலையைச் சுற்றி வந்துவிடலாம். நடைபாதைக்கு இதைவிட நல்ல வழியைப் புதிதாக யாராலும் வரைய முடியாது.

மூன்றாவது விறகு. ஒரு கிலோ தேயிலையைக் காயவைக்க ஒரு கிலோவுக்கும் மேல் விறகு எரியும். அதற்காகவே ஒவ்வொரு தோட்டத்திலும் யூகலிப்டஸ் காடு வளர்த்தார்கள். அப்பா விறகைக் கையில் தூக்கிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஈர விறகு போட்டால் சூடு ஏறி இறங்கும். சூடு ஏறி இறங்கினால் தூளில் தெரியும். டீமேக்கர் ஐயா ருசி பார்க்கும்போது அப்பாவின் பெயர் அடிபடும். யூகலிப்டஸ் நிலத்து நீரை உறிஞ்சுகிற மரம், அடியில் வேறெதையும் சுலபத்தில் வளரவிடாது. எனவே ஹோட்டலாக்கும்போது முழுக்க வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. ஒரு வரிசையை அடுப்பு வாசலுக்கு நேராக விட்டுவைத்து, மீதியைச் சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நாட்டு மரங்களாக மாற்றுவது என் வழக்கம். விறகு எங்கிருந்து வந்தது, எந்த வாசலால் உள்ளே போனது என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும்.

ஹெதர்செட்டில் நடந்தது

இந்தத் தொழிற்சாலை 1970களில் மூடிக் கிடந்தது. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. அந்த மாற்றங்களின் நடுவே, கதவும் ஜன்னலும் அடைத்தபடி கட்டடம் மலையுச்சியில் நின்றுகொண்டேயிருந்தது. ஏய்ட்கின் ஸ்பென்ஸ் நிறுவனம் அதை எடுத்து, கட்டடக்கலைஞர் நிஹால் போதிநாயக்கவின் வடிவமைப்பில் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. பழைய எஞ்சினும் விசிறிகளும் இடத்தை விட்டு அசையவில்லை. 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது.

எல்லோரும் புகழ்வது கட்டடத்தின் உள்ளே செய்த வேலையை. எனக்குப் பெரிதாகப் படுவது வெளியே செய்யாமல் விட்ட வேலை. மலையை வெட்டித் தட்டையாக்கவில்லை. தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பூங்கா போடவில்லை. சரிவும் வரிசையும் பழையபடி கட்டடத்தை நோக்கி ஏறி வருகின்றன. விருந்தாளிகள் விரும்பினால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கலாம். அதை வளாகத்திலேயே உள்ள சிறிய தேயிலைக் கூடத்தில் தூளாக்கிக் காட்டுகிறார்கள். பொழுதுபோக்குத்தான். ஆனாலும் செடிக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகாமல் இருக்க அது ஒரு வழி.

பக்கத்தில் ஒரு பழைய ரயில் பெட்டி, ‘டிசிகே 6685’ என்ற எண்ணோடு, உணவகமாக நிற்கிறது. வேடிக்கைக்கு வைத்ததுபோலத் தோன்றும். ஆனால் கந்தப்பளைக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலமான குறுகிய பாதை. 1903–04இல் போட்டு, 1940களில் மூடிவிட்டார்கள். உரம் ஏறி வந்தது, தேயிலைப் பெட்டி இறங்கிப் போனது. அந்தத் தண்டவாளம் கிடந்த இடமெல்லாம் இப்போது ரோடும் லீக்ஸ் பாத்தியும். ஒற்றை ரயில் பெட்டி அந்தப் பாதையை முழுதாக நினைவூட்டாது. ‘இங்கே ஏன் ரயில் பெட்டி?’ என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வருகிறது. அவ்வளவு போதும்.

மண் சொல்வதைக் கேட்டுச் செடி வைக்க வேண்டும்

தேயிலை புளிப்பு மண்ணில் வளர்வது. மண்ணின் அமிலக் காரக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நூறு வருஷத்துக்கு மேலாகத் தேயிலை நின்ற மண்ணில், கொழும்பிலிருந்து கொண்டுவரும் அலங்காரச் செடிகள் பாதி மஞ்சளாகிச் செத்துப்போகும். அதே மண் ஹைட்ரேஞ்சியாவுக்குப் பிடிக்கும். புளிப்பு மண்ணில் கரைகிற அலுமினியம் செடிக்குள் ஏறுவதால் பூ நீலமாகப் பூக்கும். நுவரெலியாப் பங்களா வாசல்களில் நீல நீலமாகக் கொத்துக் கொத்தாகத் தெரிவது மண்ணின் வேலை, தோட்டக்காரனின் வேலை இல்லை. கமேலியாவும் நன்றாக வரும். தேயிலைக்கு ஒன்றுவிட்ட அக்கா அது.

பழைய இஸ்டோர் ஒன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். தேயிலை வரிசையின் நடுவே ஓர் இடத்தில் மட்டும் செடி குட்டையாக, இலை வெளிறி நிற்கும். சில இடத்தில் செடியே இருக்காது. மண்வெட்டியால் ஓர் அடி கிளறினால் சாம்பல் நிறத்தில் மாவுபோல மண் வரும். அடுப்புச் சாம்பல் கொட்டிய இடம். சாம்பல் புளிப்பை முறிக்கிறது, தேயிலைக்கு அது ஆகாது. ஆனால் முட்டைகோஸுக்கும் லீக்ஸுக்கும் மிக நன்றாக ஆகும். லயத்து ஆட்களுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, இது ஆராய்ச்சி நிலையம் இல்லாமலே தெரியும். எங்கள் தோட்டத்தில் சாம்பல் மேட்டில் மரக்கறி போட்டவர்கள் அடுப்புக்காரர் குடும்பத்தார்தான். அதிலே அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஹோட்டல் சமையலறைக்குக் கீரைப் பாத்தி எங்கே போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு, நான் முதலில் தேடுவது சாம்பல் மேட்டை. அதற்கு முன் மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எஞ்சின் அறையிலிருந்து கசிந்த எண்ணெயும் அந்தப் பக்கம் இறங்கியிருக்கலாம்.

தேயிலைச் செடியையே பாருங்கள். விட்டுவிட்டால் அது மரம். இடுப்பளவில் மேசைபோல நிற்பது, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதால். கவ்வாத்து முடிந்த மலையில் குனிந்து ஒரு தூரைப் பார்த்தால், தொடை பருமனில் அடிமரம் தெரியும். அதிலிருந்து முறுக்கிக்கொண்டு கிளம்பும் கிளைகள், ஒவ்வொன்றிலும் பழைய வெட்டுக்காயங்கள் முடிச்சு முடிச்சாக. ஒரு முடிச்சு ஒரு கவ்வாத்து. எண்ணிப் பார்த்தால் செடியின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லலாம். வெட்டிய கிளைகளை, மிலாறை, அன்றைக்கே லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அடுப்பெரிக்க. நான் வரைகிற இடங்களில் ஒரு துண்டு மலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டுவிடச் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு அடிக்கு வளர்ந்து வெள்ளைப் பூ பூத்துக் காய்க்கும். பக்கத்தில் கவ்வாத்து வெட்டிய வரிசை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறவருக்கு ‘உழைப்பு’ என்று பலகை எழுதி வைக்கத் தேவையில்லை.

தேயிலைக்கு முன்பு இங்கே இருந்தது காடும் பத்தனைப் புல்வெளியும். ஓரங்களில் அவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, கீனா மரம், குறிஞ்சி இனத்து நெலு, ஓடையோரத்துக்கு மரப்பன்னம் எல்லாம் இந்தக் குளிருக்குப் பழகியவை. அழகாக இருக்கிறதே என்று எதையும் கொண்டுவந்து நட்டுவிடக் கூடாது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி கோர்ஸ், ஹோர்ட்டன் சமவெளியில் பரவி இன்று பிடுங்கித் தீராத தொல்லையாகிவிட்டது.

பனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் நுவரெலியாவின் பள்ளங்களில் உறைபனி விழும். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சரிவுக்குக் குறுக்கே அடர்த்தியாக வேலி வைத்தால், வேலிக்கு மேற்புறம் குளிர் தேங்கிக் காலையில் செடியெல்லாம் கருகி நிற்கும். வேலியில் இடைவெளி விட்டால் குளிர் வழிந்து போய்விடும்.

கானை மூடினால்

மலையகத்தில் நில வடிவமைப்பு என்பது பாதிக்கு மேல் தண்ணீரைச் சமாளிக்கும் வேலை. தேயிலை மலையில் குறுக்கே குறுக்கே வெட்டியிருக்கும் கான்களைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடி மண்ணை அரித்துவிடாமல், மெதுவாக நடத்திக்கொண்டுபோய்க் கல் பதித்த பெரிய வாய்க்காலில் சேர்ப்பதற்காக வெட்டியவை. எங்கள் பாட்டன்மார் மட்டம் பார்த்து வெட்டியது. அதைப் பராமரிக்க ஆள் போடுவதைத் தோட்டங்கள் குறைத்ததிலிருந்து பல கான்கள் தூர்ந்துவிட்டன.

ஒரு பழைய இஸ்டோரை விருந்தினர் விடுதியாக்க வந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். வாகனம் நிறுத்த இடம் போதவில்லை, பக்கவாட்டில் போகும் கல் கானை நிரப்பித் தட்டையாக்க வேண்டும் என்றார். அந்த இஸ்டோரில் முப்பது வருஷம் வேலை செய்த பெரியவர் ஒருவர், பேச்சைக் கேட்டுக்கொண்டே கிட்ட வந்தார்.

“புள்ள, இந்தக் கான மூடுனா தண்ணி எங்க போகும்னு தொரைகிட்ட கேட்டியா?”

“நீங்களே சொல்லுங்க தாத்தா.”

“கீழ லயத்துக்கு. வேற எங்க?”

படத்தில் கானைத் திறந்தபடியே வரைந்து கொடுத்தேன். முதலாளி வேறு ஆளை வைத்து மூடிவிட்டார். அந்த ஐப்பசி மழையில் வாகனத் தரிப்பிடத்தின் விளிம்பு இடிந்து, கீழ் லயத்துக் குசினிகளுக்குள் சேறு புகுந்தது. நல்லவேளை, பகல் நேரம், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கானைத் திறந்தார்கள். மேலே இரும்புக் கம்பி வலை போட்டு வாகனம் நிறுத்துகிறார்கள். மழை நாளில் காலுக்கடியில் தண்ணீர் ஓடுவதை விருந்தாளிகள் கைபேசியில் படம் பிடிக்கிறார்களாம்.

இந்த இடத்தில் மீரியபெத்தையைச் சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஹோட்டல் கட்டியதால் வந்த சரிவு அல்ல. ஆனால் மலையில் லயங்கள் எங்கே நிற்கின்றன, தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களைப் பார்க்காமல், இந்த மலைகளில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

இரும்புக்குச் செய்தது தேயிலைக்கும் ஆகும்

மூடிய தொழிற்சாலையின் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் பழைய எரிவாயு ஆலையொன்றை இடிக்காமல் வைத்து, 1975இல் பூங்காவாகத் திறந்தார்கள். வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஹாக். தார் ஊறிய மண்ணைத் தோண்டி வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டாமல், இருந்த இடத்திலேயே நுண்ணுயிர்களைக் கொண்டு மெல்லச் சுத்தப்படுத்தப் பார்த்தது அந்த வேலையின் புதுமை.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் தைசன் கம்பெனியின் இரும்பாலை 1985இல் நின்றது. பீட்டர் லாட்ஸ் என்பவர் அதை நில வடிவமைப்புப் பூங்காவாக்கினார். 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். உலைகள் அப்படியே நிற்கின்றன, மேலே ஏறிப் பார்க்கலாம். கனிமம் கொட்டிவைத்த கொங்கிரீட் தொட்டிகளுக்குள் சிறு தோட்டங்கள். அவற்றின் சுவர்களில் மலையேறப் பழகுகிறார்கள். எரிவாயுக் கலத்தில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். கசடு மேட்டில் தானாக முளைத்த மரங்களை லாட்ஸ் களை என்று பிடுங்கவில்லை. அங்கே வேலை செய்தவர் பேரனைக் கூட்டிவந்து ‘நான் நின்ற இடம் இது’ என்று காட்ட முடிகிறது.

மலையகத்தில் அந்தக் கடைசி வசதிதான் இல்லை. இங்கே இஸ்டோரில் வேலை செய்தவர் ஹோட்டல் கேட்டைத் தாண்டிப் போவதாக இருந்தால், வேலைக்காரராகத்தான் போக வேண்டும்.

யாருடைய நிலம், யாருடைய நினைவு

கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையொன்று 2001இலிருந்து தேயிலை அருங்காட்சியகமாக இயங்குகிறது. எந்திரங்கள் இருக்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்குத் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகளும் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம். ஆனால் கொழுந்தெடுத்தவர்களின் வீடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றையே அருங்காட்சியகமாக்கி 2007இல் திறந்தது. லயத்து அறையான காம்பிராவுக்குள் குனிந்து நுழைந்து, அம்மி, கூடை, மண்வெட்டி, பழைய கடுதாசிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வாசல், முற்றம், எதிரே மலை. கட்டடமும் நிலமும் அங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன. நில வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ளாமலே நல்ல நில வடிவமைப்பு.

ஒரு பழைய இஸ்டோரைச் சுற்றி நான் தேடுகிற இடங்கள் சில உண்டு. கொழுந்து நிறுத்த இடம்: நெறுவைத் தராசு தொங்கிய வளை எங்கே, பெண்கள் வரிசையாக நின்றது எந்தப் பக்கம். பெரட்டுக்களம்: விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த தட்டை நிலம். பீலிக்கரை: தண்ணீர் பிடித்த இடம். மரத்தடியில் ரோதமுனி. எந்திரத்தில் கை போகாமல் காப்பாற்றும் சாமி என்று இஸ்டோர் ஆட்கள் கும்பிட்ட கல்லும் வேலும் அது. கட்டடத்துக்குப் படம் கீறுகிறவர்கள் இவை எதையும் குறிப்பதில்லை. ரோதமுனிக் கல்லை ‘அகற்ற வேண்டியவை’ பட்டியலில் போட்டிருந்த ஒரு படத்தை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று குறுக்குப் பாதை. மேல் டிவிசன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பெரியவர்கள் கோயிலுக்கும் டிஸ்பென்சரிக்கும் போவதும் பல தோட்டங்களில் இஸ்டோர் வளவுக்குள்ளால்தான். யாரும் உறுதி எழுதிக் கொடுத்த பாதை இல்லை. கால் பட்டுப் பட்டு உண்டானது. ஹோட்டல் வந்ததும் கேட் விழும். பிள்ளைகள் ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பாதையைக் கல் பதித்து, மழையில் வழுக்காமல், இருட்டினால் விளக்கெரிய வைத்து, விருந்தாளிக்கும் லயத்துப் பிள்ளைக்கும் பொதுவாக விடுவதற்குப் பெரிய செலவில்லை. மனசுதான் வேண்டும்.

கடைசியாக, வேலி. இந்தத் தொழிலில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது அதுதான். பழைய இஸ்டோர் மாடியிலிருந்து பார்த்தால் தேயிலை, அருவி, தூரத்தில் மலை, நடுவில் லயம். துருப்பிடித்த தகரம், கொடியில் சேலை, புகை. “மிஸ், அதை மறைக்கிற மாதிரி ஏதாவது வேகமாக வளர்கிற மரம்?” என்று தணிந்த குரலில் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கே கூச்சம்.

மறைப்பு வேலி வரைவதில்லை என்று வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே சொல்லிவிடுகிறேன். அதனால் கைவிட்டுப்போன வேலைகளும் உண்டு. 1823இல் தென்னிந்தியாவிலிருந்து முதல் கூட்டம் வந்ததிலிருந்து கணக்குப் போட்டால், எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 வருஷம் தாண்டிவிட்டது. ஜன்னலால் தெரிகிற ஒவ்வொரு வரிசையையும் நட்டவர்கள் அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்தவர்கள். வரிசையைக் காட்டி ஆளை மறைத்தால் அது பாதிப் பொய். “அந்த வேலிக்குப் போடுகிற காசில் லயத்துக்குக் கூரை மாற்றலாம், சேர். காட்சியும் நன்றாக இருக்கும்” என்று ஒருவரிடம் பட்டென்று சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தோட்டத்து நிர்வாகத்தோடு பேசிக் கூரையை மாற்றிக் கொடுத்தார். வேலி வைக்கவில்லை. இப்போது அவருடைய விருந்தாளிகள் அந்தப் பக்கம் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு அந்த லயத்திலிருந்தே இரண்டு பெண்களைச் சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார். ஒருத்தியின் தாத்தா அதே இஸ்டோரில் ரோதைக்காரர். எந்த ஜன்னலை எந்தக் காற்றுக்குத் திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.